மாரடைப்பு வந்த பிறகும் கணவர் வாயைக் கட்டவில்லையா? வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணவருக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோ எடுத்து, அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் நான் எதை வைத்தாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். பயம் அப்படி. ஆறாவது வாரம், துவைக்கப் போட்ட சட்டைப் பையில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டு ஒன்று கிடைத்தது. வடை சுற்றிக் கொடுத்த தாள். அன்றைக்கு நான் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. சண்டையால் வடை நிற்கவில்லை. தாளைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டார்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதில் வரும் அளவுகள் பொதுவாகச் சொல்லப்படுபவை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதயத்தின் பம்பிங் குறைவு என்று கூடவே ஏதாவது இருந்தால் அளவுகள் மாறும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

1. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மறுபடியும் பரோட்டா கடைக்குப் போனால், நம்மேல் அக்கறையே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் காரணம் அது இல்லை.

என் கணவர் இரண்டு விஷயங்களை நம்பிக்கொண்டிருந்தார். ஒன்று, 'ஸ்டென்ட் வச்சாச்சு, அடைப்பு போயிடுச்சு' என்பது. ஸ்டென்ட் அந்த ஒரு இடத்தைத்தான் திறந்துவிடுகிறது. குழாய்களில் கொழுப்பு படியும் நோய் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, 'கொழுப்புக்குத்தான் மாத்திரை போடுறேனே, அப்புறம் என்ன?' என்பது. மாத்திரை பாதி வேலையைச் செய்யும், மீதி வேலை சாப்பாட்டிலும் நடையிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் அவருக்கு நான் சொன்னால் ஏறாது. மருத்துவர் வாயால் கேட்க வைக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. அவர் சோர்ந்து போயிருந்தார். முன்னால் மூட்டையைத் தானே நகர்த்துகிறவர், இப்போது கடையில் எல்லாரும் 'நீங்க உக்காருங்கண்ணே' என்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம். எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமின்மை, பிடித்த விஷயங்களில்கூட நாட்டமில்லாமை, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பிடிவாதம் இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் நாலு மணி டீயும் வடையும்தான் அவருக்குப் பழைய வாழ்க்கையிலிருந்து மிச்சமிருந்த ஒன்று.

2. உளவு பார்ப்பதை நிறுத்துங்கள்

நான் செய்ததெல்லாம் சொல்கிறேன். சட்டைப் பையைத் துழாவினேன். கையை மோந்து பார்த்தேன். போனில் பணம் கட்டிய கணக்கைத் திறந்து, எந்தக் கடையில் எத்தனை ரூபாய் என்று பார்த்தேன். மகனை விட்டு வேவு பார்க்கச் சொன்னேன். 'என் தாலிக்காகவாவது வாயைக் கட்டுங்க' என்று அழுதேன்.

இதனால் நடந்தது ஒன்றுதான். அவர் ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஒளித்துச் சாப்பிடுகிறவர் அவசர அவசரமாக, நின்றுகொண்டு, அதிகமாகச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து சந்தேகம் வராமல் இருக்க முழுச் சாப்பாட்டையும் மறுபடி சாப்பிடுவார். அதைவிடப் பெரிய கெடுதல், மருத்துவரிடமும் 'எல்லாம் சரியாத்தான் சாப்பிடுறேன்' என்று சொல்லிவிடுவார். மருத்துவர் அதை நம்பி மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டிருப்பார்.

அதனால் சொல்கிறேன், அவர் என்ன சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்தே நடக்கட்டும். ஒரு வடை தின்றேன் என்று வீட்டில் பயமில்லாமல் சொல்ல முடிகிற நிலை வந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

3. ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசாதீர்கள். பிள்ளைகள் முன்னால், மாமியார் முன்னால் பேசாதீர்கள். நாங்கள் காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். நடந்து முடித்துக் கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் பேசினேன். (சாயங்காலம் போனால் சுற்றிலும் தின்பண்ட வண்டிகள் நிற்கும். காலை ஐந்தரைக்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

"எனக்குப் பயமா இருக்குங்க. ராத்திரியில நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். குற்றம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எல்லாத்தையும் விடச் சொன்னா எதுக்கு இருக்கணும்னு தோணுது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விதான் உதவியது: "எதெல்லாம் உங்களால விடவே முடியாது? எதெல்லாம் விட்டாலும் பரவாயில்ல?"

ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் சாயங்கால டீயையும் விட முடியாது என்றார். ஊறுகாய், ராத்திரி டி.வி. முன்னால் தின்கிற மிக்சர், கடை பரோட்டா மூன்றையும் விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். நான் ஆறு மாதம் சண்டை போட்டும் கிடைக்காத மூன்று விஷயங்கள். உங்கள் வீட்டுப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நானும் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். சாப்பாட்டில் விட்டுக்கொடுக்கிறேன், மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மாத்திரை, சிகரெட், மருத்துவர் சொன்ன தேதிக்குப் பரிசோதனை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போனாலும் சரி, வேறு மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் சரி, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஒரு வடையும் ஒரு மாத்திரையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் அவருக்கு விளங்காமலே போய்விடும்.

4. ஆளை விட்டுவிட்டு அடுக்களையை மாற்றுங்கள்

இங்கேதான் நம் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது. இரண்டு பொருளின் கணக்கை மட்டும் எடுங்கள்.

முதலில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன்மேல் தேதி எழுதினேன். 20 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் இதில் சேரவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, இத்தனை நாளும் நான் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே என்று மனம் சுருக்கென்றது. உப்பு போட்டது என் கை.

ஒரே நாளில் பாதியாக்காதீர்கள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். நான் செய்த வரிசை இது: சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினேன். மோரில் நிறுத்தினேன். பொரியலுக்கு உப்பை அடுப்பை அணைக்கும்போது போட்டேன், அப்போது கொஞ்சம் போட்டாலே நாக்கில் தெரியும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தேன். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லியைக் கூட்டினேன். புளிப்பும் காரமும் உப்புக் குறைவை மறைத்துவிடும். கடைசியாகச் சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்தேன்.

அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். வடாம், மோர் மிளகாய், கருவாடு இந்த வகையில்தான் வரும். கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றினாலும் சோடியம் போகாது. 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து. மருத்துவரிடம் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது உணவியல் நிபுணர் எங்களுக்குச் சொன்ன கணக்கு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். நான் மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தி, ஸ்பூனால் அளந்து ஊற்ற ஆரம்பித்ததிலேயே ஒரு லிட்டர் குறைந்தது. மீதி, பூரியும் வறுவலும் குறைந்ததால் வந்தது. மூன்று மாதம் பிடித்தது.

செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். எந்த எண்ணெயானாலும் மொத்தக் கொழுப்புக் கணக்கு ஒன்றுதான், அளவு அளவுதான். அதிலும் பாமாயிலில் பாதிக்கு அருகில் நிறைகொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. தேங்காய் எண்ணெயில் அதைவிட அதிகம். அடைப்பு வந்தவர் வீட்டில் இரண்டையும் தினசரிச் சமையலுக்கு வைக்காமல் இருப்பது நல்லது. டால்டா வேண்டவே வேண்டாம். பொரித்த எண்ணெயை மறுபடி தாளிக்க எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, அதையும் விட்டேன்.

இன்னொன்று, அவருக்குத் தனிச் சமையல் செய்யாதீர்கள். எதிரே பிள்ளைகள் முறுகலான உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட, அவருக்கு மட்டும் வேகவைத்த பீர்க்கங்காய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? எல்லாருக்கும் ஒரே குழம்பு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது போலத் தட்டில் பாதி காயும் கீரையும் பழமும். சோறு குறைந்து கூட்டு ஏறினால் போதும். வரகு, சாமை என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட வேண்டியதில்லை.

5. அவர் பசிக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

என் கணவர் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு. ராத்திரி வீடு திரும்ப ஒன்பதரை. நடுவில் எட்டு மணி நேரம். நாலரைக்கு வடைக் கடையில் நிற்பது ஆசையால் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் அது வெறும் பசி. ராத்திரி பரோட்டாவும் அதே பசிதான்.

நாலு மணிக்குச் சாப்பிடச் சுண்டல் கொடுத்தனுப்பினேன். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் பச்சைப்பயறு, அரை ஸ்பூன் எண்ணெயில் தாளித்து, மாங்காய் நறுக்கிப் போட்டு. முதல் வாரம் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. கேட்டேன். நாலு பேர் வடை தின்கிற இடத்தில் தான் மட்டும் டப்பாவைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். மறுநாளிலிருந்து நாலு பேருக்குச் சேர்த்து அனுப்பினேன். மாதம் முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதல் செலவு. டப்பா காலியாக வர ஆரம்பித்தது. டீ மட்டும் கடையில், சர்க்கரை குறைத்து. வாரத்தில் ஒரு நாள் ஒரு வடை, அதை வீட்டில் வந்து சொல்லிவிடுவார்.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெடுதலாக மாறுகிறது. அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. தெருக்கடையில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? வடை தின்றே ஆக வேண்டும் என்றால் முதல் ஈட்டில், மதியம் புது எண்ணெய் ஊற்றியவுடன் போடுவதைச் சாப்பிடச் சொன்னேன்.

6. ஞாயிற்றுக்கிழமைக் கறி

விட முடியாது என்று அவர் சொன்ன விஷயம், அதனால் இதை நான் அவர் கையிலேயே கொடுத்தேன். மருத்துவரிடம் அவரே கேட்டார். கொழுப்பு நீக்கிய கறி மாதம் இரண்டு தடவை, சின்னதாக நாலைந்து துண்டு, மற்ற ஞாயிறுகளில் மீனோ தோல் உரித்த கோழியோ என்று பதில் வந்தது. குடல், ஈரல், மூளை, ஆட்டுக்கால் பாயா வேண்டாம் என்றார். மீனில் மத்தியும் அயிலையும் இதயத்துக்கு நல்லவை, விலையும் குறைவு. வறுக்காமல் குழம்பாக வைக்க வேண்டும். கறிக்குழம்பை ஆறவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டுச் சூடுபண்ணுகிறேன், ருசி அப்படியே இருக்கிறது.

7. அத்தையும் சொந்தபந்தங்களும்

"எம்புள்ளையப் பட்டினி போடுறா" என்று என் அத்தை அக்கம்பக்கத்தில் சொன்னது என் காதுக்கு வந்தது. கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்த தாய் அவர். ஊட்டிவிட்டால் தேறிவிடுவான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த மருத்துவம். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போனேன். அப்புறம் கொள்ளு ரசம், முருங்கைக்கீரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு இதெல்லாம் அவர் கைப்பக்குவத்தில் வேண்டும் என்று கேட்டேன். இப்போது ராத்திரிக் கீரை அத்தை பொறுப்பு. அதிரசம் தீபாவளிக்கு மட்டும் வருகிறது.

காதுகுத்து, கிடா வெட்டு என்று அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியாது. கிளம்புமுன் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். பந்தியில் பரிமாறுகிறவர் கேட்க மாட்டார், கரண்டி வந்துவிடும். இலையின் குறுக்கே கையை வைத்துப் 'போதும்' என்று அவரே சொல்லப் பழக வேண்டும். பந்தியில் எல்லாரும் பார்க்க, 'அவருக்கு வைக்காதீங்க, ஹார்ட் பேஷண்ட்' என்று நீங்கள் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். அவர் முகம் போன போக்கு மறக்கவில்லை.

8. மருத்துவர் அறையில் பேசாமல் இருங்கள்

இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த படி. அவர் பேச ஆரம்பித்தாலே, 'இல்ல டாக்டர், பொய் சொல்றாரு' என்று குறுக்கே விழுவேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சே இருக்காது.

இப்போது முந்தின நாள் ராத்திரி ஒரு தாளில் கேள்விகளை அவரே எழுதுகிறார். கெட்ட கொழுப்பு (ரிப்போர்ட்டில் LDL) எண் எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது? மாரடைப்பு வந்தவர்களுக்கு 70-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள், சிலருக்கு அதைவிடக் குறைவாகவும் சொல்வார்கள். அந்த எண் 112-லிருந்து 68-க்கு வந்த அன்று அவர் ரிப்போர்ட்டைக் கடைக்கே எடுத்துப் போய்க் காட்டினார். என் கண்ணீரால் நடக்காதது அந்த ஒரு எண்ணால் நடந்தது.

9. சறுக்கும் நாளில்

சறுக்கும். போன தீபாவளிக்குத் தொடர்ந்து மூன்று நாள் சறுக்கியது. அன்றைக்கு ராத்திரி எதையும் சொல்லாதீர்கள். மறுநாள் அவரைப் பட்டினி போட்டு ஈடுகட்டவும் வேண்டாம். வழக்கமான இட்லி, வழக்கமான சாம்பார். 'மாத்திரை போட்டீங்களா?' என்று மட்டும் கேளுங்கள்.

மாரடைப்பு மனைவிக்கு வந்திருந்தால்

கணவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பெண்களின் சாப்பாட்டுக் கோளாறு வேறு மாதிரி. காலையில் டீயோடு சரி. எல்லாருக்கும் போட்டுவிட்டு மூன்று மணிக்கு, பிள்ளைகள் வைத்த மிச்சம், அடிச்சட்டியில் கிடக்கும் எண்ணெய், பழைய சோறும் ஊறுகாயும். அதைப் பார்க்க வீட்டில் யாரும் இருப்பதில்லை. அவரிடம் 'ஒழுங்காச் சாப்பிடு' என்று சொல்லிப் பயனில்லை. காலை எட்டரைக்கு அவரை உட்கார வைத்து நீங்கள் பரிமாறுங்கள். சமையலில் ஒரு வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. உங்களையும் பாருங்கள்

இந்த ஓட்டத்தில் எனக்கு ரத்த அழுத்தம் 160-ஐத் தொட்டிருந்தது. மயக்கம் வந்து விழப்போனபோதுதான் தெரிந்தது. கூட இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். மனதில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு என் அக்கா. என் கணவர் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்துக்கும் நான் பொறுப்பில்லை என்று நூறு தடவையாவது அவள் சொல்லியிருப்பாள்.

11. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்

மாத்திரைகளின் பெயரும் அளவும், ஸ்டென்ட் வைத்த தேதி, ஒவ்வாமை ஏதும் இருந்தால் அது, கடைசி ஈ.சி.ஜி. நகல், இதய மருத்துவம் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி. இவற்றை எழுதி ஒட்டுங்கள். இன்னொரு நகலை அவர் சட்டைப் பையில் வையுங்கள். வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் சோர்வும் மட்டும் வரலாம். அவரே வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். முதல் தடவை எங்கள் வீட்டில் 'வாயுதான்' என்று ஓம வாட்டர் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது என்று பிறகு எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துச் சொன்னார்கள். வாயுவா இல்லையா என்பதை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அவர்கள் சொல்லட்டும். வெறும் வாயுவாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.